மூணு பஸ்ஸும் ஒண்ணா வருதுங்க

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

பீளமேட்டில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். 22 ஆண்டுகளாக அவிநாசி சாலையில் டவுன் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் தாங்கள் என்பதால் இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு எழுதுகிறேன். இந்த ஊரில் எந்த பஸ் எந்த இடத்தில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்ற டைமிங் அந்த ஆணையத்தில்தான் முடிவாகிறது.

போன மாதம் ஒரு மாலை ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் நின்றேன். பக்கத்தில் ஓர் அக்கா. ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. பகல் முழுக்க நின்ற கால். செருப்பைக் கழற்றி, ஒரு காலை இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டு, டிபன் பையைத் தோளில் மாட்டியபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு சித்ரா பக்கமிருந்து மூன்று பஸ் வந்தன. முதலாவதில் படிக்கட்டு வரை ஆள். இரண்டாவது அதை முந்திக்கொண்டு ஓரமாக ஒடித்து நின்றது. மூன்றாவது காலி, நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டது. அந்த அக்கா போக வேண்டிய பஸ் அதுதான். "இப்படித்தானுங்க, மூணு பஸ்ஸும் ஒண்ணா வருது. இனி அரை மணி நேரம் ஒண்ணும் வராது" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னை எழுத வைத்தது.

அரை மணி நேரத்துக்கு மூன்று பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், எப்போது வந்து நிற்பவரும் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். மூன்றும் சேர்ந்தே வந்தால் அந்த ஐந்து நிமிடம் பதினைந்தாகிவிடும். டீசலும் சம்பளமும் வண்டியும் அதேதான். பயணியின் நேரம் மட்டும் மூன்று மடங்கு போகிறது. புதிய பஸ் விடப்போகிறோம் என்ற செய்தியில் எத்தனை பஸ் என்ற எண் பெரிதாக வரும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்.

பஸ்கள் ஏன் இப்படிச் சேர்ந்துகொள்கின்றன? முன்னால் போகிற வண்டி ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டினால் போதும், அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆள் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்க இன்னும் தாமதமாகும். பின்னால் வருகிற வண்டிக்கு ஆள் குறைவு, அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் எந்த ஊர் பஸ்ஸுக்கும் உள்ள வியாதி இது. நம் ஊரில் அதற்குமேல் கலெக்‌ஷன் என்ற ஒன்றும் இருக்கிறது. தனியார் வண்டியில் அன்றைய வசூல்தான் எல்லாம். முன்னே போனால் ஆள் கிடைக்கும், பின்னே போனால் கிடைக்காது. டிரைவரையும் கண்டக்டரையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓடினால்தான் காசு என்று ஏற்பாடு செய்துவிட்டு ஓடாதே என்று சொன்னால் எப்படிக் கேட்பார்கள்?

தென்கொரியாவின் சியோல் நகரம் 2004 ஜூலையில் இந்த முடிச்சை அவிழ்த்தது. தனியார் பஸ்கள் தனியாரிடமே இருந்தன. வழித்தடத்தையும் நேரத்தையும் நகர நிர்வாகம் எடுத்துக்கொண்டது. எத்தனை ஆள் ஏறினார்கள் என்று பார்க்காமல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்துக் காசு கொடுத்தது. போட்டி போட்டு முந்தவேண்டிய தேவையே போய்விட்டது. அவ்வளவு தூரம் போவானேன், நம் சென்னையிலேயே 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் இருந்து ஓடத் தொடங்கிய 120 மின்சார பஸ்களும் கிலோமீட்டர் கணக்கில் காசு கொடுக்கிற ஒப்பந்தத்தில்தான் ஓடுகின்றன.

இன்னொன்றையும் தாங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த அக்காவின் மாதச் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய மிச்சம் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால் அவர் தனியார் பஸ் வந்தால் ஏறுவதில்லை. எனக்கு அரை மணியில் மூன்று பஸ் என்றால் அவருக்கு ஒன்றுதான். அது நிற்காமல் போனால் அன்றைய பொழுது போயிற்று. ஆகவே இரண்டு வகை பஸ்ஸையும் சேர்த்து எண்ணி, இந்தத் தடத்தில் நிறைய பஸ் ஓடுகிறது என்று கோப்பில் எழுதினால் அது அவரைப் பொறுத்தவரை உண்மையாகாது. கட்டணமில்லாப் பேருந்தின் இடைவெளியைத் தனியாகப் பார்த்து, அதைத் தனியாகச் சீராக்க வேண்டும்.

இதற்கு இப்போதுதான் நல்ல வேளை. உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. ஊரைக் கடந்து போகிற கார்கள் மேலே ஏறிவிட்டன. பஸ் நிறுத்தங்கள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. மாணவர்களும் நோயாளிகளும் கூலிக்குப் போகிறவர்களும் கீழேதான் நிற்கிறார்கள். கீழே கிடைத்திருக்கும் இடத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கு என்று இப்போதே ஒதுக்காவிட்டால், சில மாதங்களில் நிறுத்திவைத்த கார்களும் தள்ளுவண்டிகளும் அதை நிரப்பிவிடும். பிறகு யாரையும் நகர்த்த முடியாது.

அந்த மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழிலைத் தொடங்கி, பிறகு யு.எம்.எஸ். என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பஸ்களை ஓட்டியவர். ஹோப் காலேஜ் என்ற பெயரும் அவர் முயற்சியோடு ஒட்டியதுதான். ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-ல் தொடங்கிய அந்தத் தொழில்நுட்பக் கல்லூரி இன்று தடாகம் சாலையில் அரசு கல்லூரியாக இருக்கிறது. பெயரை மட்டும் பஸ் நிறுத்தம் வைத்துக்கொண்டது. பஸ்காரர் ஒருவரின் பெயர் மேலே, அவர் தொடங்கிவைத்த பெயர் கீழே. நடுவில் எங்களுக்கு ஒரு நல்ல பஸ் வேண்டும்.

மெட்ரோ வரும் என்று காத்திருந்தோம். அவிநாசி சாலைக்கும் சத்தி ரோட்டுக்கும் போட்ட திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. அது மறுபடி உயிர்பெறலாம், பெறட்டும். ஒப்புதல் கிடைத்தாலும் ரயில் ஓட ஆண்டுகள் ஆகும். பஸ்ஸுக்குத் தூண் நட வேண்டாம்.

ஆகவே ஒரே ஒரு தடம் கேட்கிறேன். உக்கடம், டவுன்ஹால், காந்திபுரம், லட்சுமி மில், பீளமேடு, ஹோப் காலேஜ், சின்னியம்பாளையம். காலையும் மாலையும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, மற்ற நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று, கட்டணமில்லாப் பேருந்தாக. லட்சுமி மில்லிலும் ஹோப் காலேஜிலும் ஒரு டைம் கீப்பர் நிற்கட்டும்; முந்தி வந்த வண்டியை இரண்டு நிமிடம் பிடித்துவைத்து அனுப்பட்டும். மேம்பாலத்தில் ஏற்ற வேண்டாம். இரவு பதினொரு மணி வரை ஓட வேண்டும். ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் கடை சாத்தும்போது ஒன்பதரை, பத்து ஆகிவிடுகிறது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. கடையை விட்டு இறங்கியதும் நிறுத்தத்தில் மறுபடி நிற்கத் தொடங்குகிறார்கள். கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோதான். அதற்கு அன்றைய கூலியில் பாதி போகும்.

சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 72-ன்படி, ஆணையம் ஒப்புதல் தந்த கால அட்டவணையை வண்டியிலும் நிறுத்தங்களிலும் ஒட்டவேண்டும் என்று பர்மிட்டில் நிபந்தனை போடலாம். எத்தனை நிமிடம் முன்பின் ஆகலாம் என்றும் வரம்பு வைக்கலாம். நான் ஏறி இறங்கும் நிறுத்தங்களில் அப்படி ஓர் அட்டவணையைக் கண்டதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டைமிங் முடிவு செய்யும் கூட்டத்தில் பஸ் முதலாளிகள் பேசுகிறார்கள், போக்குவரத்துக் கழக அதிகாரிகள் பேசுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நிறுத்தத்தில் நிற்பவர்கள் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். அந்த அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுப்பு. அன்றைக்குக் கூட்டம் வைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
அவிநாசி சாலைப் பயணி ஒருவர்