பல்லுயிர்ப் பாதுகாப்பு: குழுக்கள் உண்டு, அதிகாரம் எங்கே?

புதுதில்லி: காட்டையும் நீர்நிலையையும் சார்ந்து வாழும் மக்களே அவற்றின் உயிர்வளத்துக்குச் சிறந்த காவலர்கள் என்பதை 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால், காவல் பொறுப்பு கிராமங்களுக்குச் சென்ற வேகத்தில் அதிகாரமும் வருவாயும் செல்லவில்லை.

ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்றது அச்சட்டம். தாவரங்கள், உயிரினங்கள், அவை பற்றிய பாரம்பரிய அறிவு ஆகியவற்றை மக்கள் பதிவேட்டில் தொகுப்பதும், வணிக நோக்கில் எடுப்போரிடம் கட்டணம் வசூலிப்பதும் இக்குழுக்களின் உரிமை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையமும் மாநில வாரியங்களும் இவற்றுடன் கலந்தாலோசிக்கவும் வகை செய்யப்பட்டது.

தீர்ப்பாயத்தின் கெடு: ஆண்டுகள் பல கடந்தும் பெரும்பாலான மாநிலங்கள் அசையவில்லை. 2020 ஜனவரி 31-க்குள் பணியை முடிக்காத மாநிலங்கள் மாதம் ரூ. 10 லட்சம் செலுத்த வேண்டும் என தேசிய பசுமைத் தீர்ப்பாயம் எச்சரித்த பிறகே வேகம் பிறந்தது. இன்று இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான குழுக்கள் கணக்கில் உள்ளன. அபராதத்துக்கு அஞ்சி அவசரத்தில் அமைக்கப்பட்ட குழுவும், மக்களைக் கேளாமல் நிரப்பப்பட்ட பதிவேடும் காட்டைக் காக்குமா என்பதே கேள்வி.

பங்கு யாருக்கு?: மூலிகைகளைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களும் ஆதாயத்தில் பங்கு தர வேண்டும் என, திவ்யா ஃபார்மசி வழக்கில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மலைவாழ் மக்களுக்கு நம்பிக்கையூட்டிய தீர்ப்பு அது. எனினும், 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், நூல்களில் தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கும் ஆயுஷ் மருத்துவர்களுக்கும் விலக்கு அளித்தது. சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, அபராதம் மட்டுமே எஞ்சியது. இந்திய மருத்துவத் துறை வளர இது தேவை என்கிறது அரசு. மூலிகையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களின் பங்கு இதனால் சுருங்கும் என்கின்றனர் சூழலியலாளர்கள்.

நாகாலாந்து காட்டும் வழி: அதிகாரம் மக்களிடம் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு நாகாலாந்தே சான்று. வோகா மாவட்டத்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில், ஆப்பிரிக்காவை நோக்கிப் பறக்கும் அமூர் வல்லூறுகள் 2012-ல் பல்லாயிரக்கணக்கில் வலையில் சிக்கிக் கொல்லப்பட்டன. மறு ஆண்டே பாங்டி உள்ளிட்ட ஊர்களின் கிராம சபைகள் வேட்டைக்குத் தடை விதித்தன, கொலை நின்றது. வனத்துறையும் தன்னார்வ அமைப்புகளும் துணைநின்றன. ஆயினும் அத்தடை நிலைத்தது, நிலம் அங்கே சமூகத்தின் உடைமை என்பதாலும் கிராம சபையின் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதாலும்தான்.

பிற மாநிலங்களின் குழுக்களுக்கு இந்த உரிமையோ நிலையான நிதியோ கிடையாது. வளத்தை எடுப்பதற்கு முன் ஊரின் இசைவைப் பெறுவதும், கிடைக்கும் தொகையில் ஊருக்கு உரியதைக் காலத்தே சேர்ப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இல்லையேல், பதிவேட்டில் உள்ள செடி காட்டில் இருக்காது.