போனில் திகதி பிழைத்தால்

சென்ற மார்கழியில் எங்கள் மச்சான் ஊரிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார். லாச்சிக்குள் நெடுநாள் கிடந்த பழைய போனை அவரிடம் கொடுத்தோம். சிம் இல்லை, வீட்டு வைஃபை போதும் என்று நினைத்தோம். அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை. ஊர் நேரம் காலை 9 மணி, இங்கே அதிகாலை 4.30. அதற்கு முன் முகம் பார்த்துக் கதைப்பதற்கு ஒரு செயலியை இறக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் இரவு வேலைக்குப் போய்விட்டோம்.

விடிய வந்து பார்த்தால் மனிசன் நித்திரையில்லாமல் குந்தியிருக்கிறார். செயலி இறங்கவேயில்லை. இன்டர்நெட் பெட்டியை நாலைந்து தரம் நிற்பாட்டிப் போட்டாராம். போனில் இடமில்லையாக்கும் என்று எங்கள் மூத்தவளின் குழந்தைப் படங்களையும் அழித்துவிட்டார். அவரை என்ன சொல்ல? நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். அம்மாவை அதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

போனைப் பார்த்தால் திகதி 2016 தை 1! பற்றறி முற்றாக இறங்கியதில் மணிக்கூடு பழைய திகதிக்குப் போய்விட்டது.

இதற்கும் இறக்கத்துக்கும் என்ன தொடர்பு? எங்கள் வதிவிட அட்டையில் செல்லுபடியாகும் திகதி இருப்பது போல, ஒவ்வொரு இணையத்தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று அதில் இருக்கும். சிலவற்றுக்கு 90 நாள்தான் ஆயுள். போன் அதைத் தன் மணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 2016இல் நிற்கும் போனுக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்று. கள்ள அட்டை என்று நினைத்து இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய கொம்பியூட்டர்களிலும் இதே கதைதான். உள்ளே காசு மாதிரி இருக்கும் சின்னப் பற்றறி செத்தால் திகதி பின்னால் போய்விடும்.

நோர்வேஜிய மொழியில் உள்ள போனில் ‘இன்ஸ்டில்லிங்கர்’ போய், ‘டாட்டோ ஓக் கிளோக்கெஸ்லெட்’ என்பதைத் தேடி, தானாக நேரம் எடுப்பதைப் போட்டுவிடுங்கள். அது சரிவராவிட்டால் திகதியைக் கையால் மாற்றுங்கள். எங்களுக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த போனில் நேரவலயம் கொழும்பில் நிற்க, மணியை மட்டும் ஒஸ்லோவுக்குத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்குச் சரி, உள்ளுக்குள் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம் பிழை. 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் பாதுகாப்பு இலக்கங்கள் அப்போது சரிவராது. எங்கள் ஆட்களுக்கு நேரக் குழப்பம் புதிதல்ல. 1996இல் இலங்கை மணியை இரண்டு தரம் மாற்றியதில் ‘புது நேரமா, பழைய நேரமா’ என்று கேட்டுத்தானே ஒரு அலுவலுக்குப் போவோம். 2006 சித்திரையில் பழையபடி திரும்பியது.

ஊர் நேரம் வேண்டுமானால் போனின் உலக மணிக்கூட்டில் கொழும்பைச் சேர்க்கலாம். மச்சான் அப்படித்தான் வைத்திருக்கிறார். அன்று பின்னேரம் அம்மாவுக்கு மயக்கம் தெளிந்தபின், அதே போனில்தான் கதைத்தார்.