பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பன்றியைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குச் செல்லலாம். எனக்கு ஒரு வழக்குப் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற ஆடியில், எங்கள் தெருக்கோடியில் வெண்பன்றி வளர்க்கும் அம்மையார் இரண்டு தாய்ப் பன்றிகளை இறைச்சிக்கு விற்றுவிட்டார். ஆனியில் இணைசேர்த்தும் சினை நிற்கவில்லை. மூன்றே வாரத்தில் மீண்டும் பருவத்துக்கு வந்துவிட்டன. “மலட்டுச் சனியன்களுக்கு எதற்குத் தீனி?” என்றார். கொழுத்துத் துடிப்போடு நின்ற ஆண் பன்றியை யாரும் ஐயுறவில்லை. மனிதரிடையே உள்ள வழக்கம் தொழுவத்திலுமா என்று நினைத்துக்கொண்டேன். விலங்கியல் மாணவனாகிய நான் அந்த ஆண் பன்றியைத்தான் கூண்டில் ஏற்றுவேன். அதற்கும் முன்னே கத்திரி வெயிலை.

வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் வசதி பன்றிக்கு இல்லை என்றே சொல்லலாம். விந்தணு நன்கு உருவாக, விரைகள் உடலைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்க வேண்டும். செம்மறிக் கடாவுக்கு விரைப்பை தொங்கிக் காற்று வாங்குகிறது. பன்றிக்கோ பின்தொடைகளுக்கிடையே உடலோடு ஒட்டிக் கிடக்கிறது. வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் விந்தணுக்களின் நீந்தும் திறன் குறையும், உருக்குலைந்தவை பெருகும். கரூரிலும் வேலூரிலும் கத்திரியில் 40-ஐத் தாண்டுகிறதே! வெண்பன்றியின் பூர்வீகமோ இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். அங்கே கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. அதுவும் விந்தைப் பாதிக்கும். சென்னையில் அந்த வேறுபாடு ஒன்றரை மணி நேரந்தான். ஆகவே இங்கே முதற் குற்றவாளி வெயிலே.

குற்றவாளி தப்புவது எப்படி? ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ 45 முதல் 50 நாள் ஆகும். மே மாதக் கொதிப்பில் கெட்டது ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் வெளிப்படுகிறது. அதற்குள் காற்று மாறி, நாம் வெயிலையே மறந்துவிடுகிறோம்.

வெயில் தாய்ப் பன்றியையும் வாட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாய் தவறினால் ஓர் ஈற்றுதான் போகும். பத்துத் தாய்க்கு ஓர் ஆண் என்றிருக்கும் பண்ணையில் அந்த ஆண் தவறினால்?

மார்கழியில் எடுத்த விந்தை உறையவைத்துக் கோடைக்குப் பின் பயன்படுத்தலாமே என்பீர்கள். காளையின் விந்து தாங்கும் அளவுக்குப் பன்றியின் விந்து உறைகுளிரைத் தாங்குவதில்லை. ஆகவே ஆண் பன்றிக்கு நிழல் வேண்டும். கல்நார்த் தகட்டின் மேல் தென்னங்கீற்று, நண்பகலில் உடம்பில் தண்ணீர், புரளச் சிறு தொட்டி, இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு தாய்ப் பன்றியின் விலைக்கு முன் எம்மாத்திரம்?

பன்றி வளர்க்கக் கடன் கொடுப்போரும் பயிற்சி கொடுப்போரும் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். ஜூனில் ஒரு சொட்டு விந்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல ஊர்தோறும் ஏற்பாடு வரட்டும். அதுவரை, ஆடியில் சினை நிற்காத தாய்ப் பன்றியை விற்க வேண்டாம்; ஐப்பசி வரை தீனி போட்டுப் பாருங்கள் என்றே அந்த அம்மையாரிடம் சொல்லியிருக்கிறேன்.