டிரில் வாங்கப் போறீங்களா? முதல்ல சுவரைத் தட்டிப் பாருங்க!

வாடகை வீடு மாறினாலும் சரி, சொந்த ஃபிளாட்டில் பால் காய்ச்சினாலும் சரி, முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் தயாராகிவிடும். ஜன்னலுக்குத் திரைச்சீலை ராடு, பூஜை அலமாரி, குளியலறைக் கண்ணாடி, சுவர்க் கடிகாரம், கொடி கட்ட இரண்டு கொக்கி. எண்ணிப் பார்த்தால் பதினைந்து, இருபது ஓட்டை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், ‘ஞாயித்துக்கிழமை வர்றேன் சார்’ என்பார். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்ல மாட்டார்.

அந்தக் கோபத்தில்தான் பல வீடுகளில் பேட்டரி டிரில் ஆர்டர் ஆகிறது. நூறு பிட், இரண்டு பேட்டரி, அழகான பெட்டி. வந்ததும் ஜன்னலுக்கு மேல் முதல் ஓட்டை. ஒரு சென்டிமீட்டர் வெண்ணெய் மாதிரி இறங்கும். அப்புறம் அப்படியே நின்றுவிடும். அழுத்தினால் சத்தம் ஏறும், பிட் முனை கறுக்கும், பேட்டரி சூடாகும், ஓட்டை மட்டும் ஆழமாகாது. ‘மெஷின் டூப்ளிகேட்’ என்ற முடிவுக்கு வீடே வந்துவிடும்.

பெரும்பாலும் மெஷின் மேல் தப்பே இருக்காது. ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது செங்கல் இல்லை, லிண்டல் எனப்படும் கான்கிரீட் உத்தரம். எளிதாக இறங்கிய அந்த ஒரு சென்டிமீட்டர் மேல்பூச்சு. வாங்கியவர் வோல்ட்டைப் பார்த்தார், விலையைப் பார்த்தார், சுவரைப் பார்க்கவில்லை.

உங்கள் சுவர் எந்த ரகம்?

செங்கல் சுவரில் ஓட்டை போட்டால் பூச்சைத் தாண்டியதும் சிவப்புத் தூள் கொட்டும். இதற்கு 12 வோல்ட் மெஷினில் ஹேமர் வசதி இருந்தாலே 6, 8 மி.மீ. ஓட்டைகள் தாராளமாக விழும்.

புதிய அடுக்குமாடிகளில் பார்க்கும் ஏ.ஏ.சி. பிளாக் லேசானது, காற்றுக் குமிழிகள் நிறைந்தது. வெளிறிய மாவு போலத் தூள் வரும். இங்கே ஹேமரைப் போடவே கூடாது. போட்டால் ஓட்டை அகலமாகி, பிளக் கழன்று கையோடு வந்துவிடும். சாதாரண டிரில் மோடே போதும். ஆனால் பிளக் நீளமாக, இந்த பிளாக்குக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவரிலும் உள்ளே வெற்றிடம் என்பதால் கனமான பொருளை மாட்டும் முன் கடைக்காரரிடம் அதற்கான பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

தூண், பீம், லிண்டல், மேல்தளம் எல்லாம் கான்கிரீட். சாம்பல் நிறத் தூள் கொஞ்சமாக, மிக மெதுவாக வரும். அலுமினிய அச்சு வைத்துக் கட்டும் ‘மைவான்’ முறை அடுக்குமாடிகளில் செங்கல்லே கிடையாது. ஹால், படுக்கையறை என்று பெரும்பாலான சுவர்கள் கான்கிரீட்தான். அந்த மாதிரி ஃபிளாட்டில் இருப்பவர்கள் சின்ன பேட்டரி டிரில்லை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி: சுவரில் விரல் முட்டியால் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தூளின் நிறத்தைப் பாருங்கள். ஃபிளாட் என்றால் பில்டரிடமோ, அசோசியேஷனிலோ கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

மூன்று பெயர், மூன்று வேலை

கடையில் அதிகம் குழப்புவது பெயர்கள்தான்.

டிரில் டிரைவர்: சுற்றும், அவ்வளவுதான். மரம், பிளைவுட், இரும்புத் தகடு, ஸ்க்ரூ முடுக்குவது ஆகியவற்றுக்கு ஏற்றது. செங்கல், கான்கிரீட் சுவருக்கு லாயக்கில்லை.

இம்பாக்ட் டிரில் அல்லது ஹேமர் டிரில்: சுற்றிக்கொண்டே முன்பக்கமாகக் குத்தும். உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதால் வரும் குத்து இது. குத்துகள் வேகமானவை, ஆனால் வலு குறைவு. செங்கல் சுவருள்ள வீட்டுக்கு இதுதான் பொருத்தம். பெட்டியில் சுத்தியல் படம் இருக்கிறதா என்று பாருங்கள். போஷ் நீல மெஷின்களில் ஜிஎஸ்ஆர் என்று தொடங்கினால் ஹேமர் இல்லை, ஜிஎஸ்பி என்றால் உண்டு. மகிதாவில் டிடிஎஃப் என்றால் இல்லை, டிஹெச்பி என்றால் உண்டு.

இம்பாக்ட் டிரைவர்: பெயர் கிட்டத்தட்ட ஒன்று, வேலை வேறு. இது முன்பக்கமாகக் குத்தாது. சுற்றும் திசையில் தட்டித் தட்டி முடுக்கும். நீளமான ஸ்க்ரூவுக்கும் போல்ட்டுக்கும் அருமை. சுவருக்கு உதவாது. ‘இம்பாக்ட்’ என்ற ஒரே சொல்லைப் பார்த்து இதை வாங்கி வந்து விழிப்பவர்கள் உண்டு.

இவை மூன்றையும் தாண்டி ரோட்டரி ஹேமர் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்த விசையில் பிட்டை அடிக்கும். கான்கிரீட்டில் ஹேமர் டிரில் திணறும் ஓட்டையை இது சில நொடிகளில் முடித்துவிடும். இதற்குக் காடி வெட்டிய எஸ்டிஎஸ் பிட் தனியாக வேண்டும். கான்கிரீட்டில் ஆயுளுக்கும் நாலைந்து ஓட்டைதான் என்றால் வாங்கவே வேண்டாம். சில ஹார்டுவேர் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

வோல்ட் கணக்கில் ஒரு சின்ன விளையாட்டு

ஒரு பெட்டியில் 18 வோல்ட், பக்கத்துப் பெட்டியில் 20 வோல்ட் மேக்ஸ். இரண்டாவது பலசாலி என்று தோன்றும். இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் இருக்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுசாக சார்ஜ் ஆன கணத்தில் ஒரு செல் 4.2 வோல்ட் வரை போகும். அந்த உச்சக் கணக்கில்தான் ‘20 மேக்ஸ்’ வருகிறது. அதேபோல் 10.8 வோல்ட்டும் 12 வோல்ட் மேக்ஸும் மூன்று செல் கொண்ட ஒரே குடும்பம்.

பெயர் தெரியாத சில மெஷின்களில் இதைவிடப் பெரிய எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். பேட்டரியில் எத்தனை வாட்-ஹவர் என்று பாருங்கள். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வருவது அது. 18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் என்றால் 36. டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் என்பதற்குச் சமமான எண் இதுதான். இது எங்குமே அச்சாகவில்லை என்றால் அந்தப் பெட்டியை வைத்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு எது போதும்? செங்கல் சுவர், மர வேலை, மாடுலர் கிச்சன் கீல் என்றால் 12 வோல்ட் ஹேமர் டிரில் போதும். எடை சுமார் ஒரு கிலோதான் என்பதால் ஏணியில் நின்று கையைத் தூக்கிப் பிடிக்க எளிது. 18 வோல்ட் மெஷின் பேட்டரியோடு ஒன்றரை கிலோவைத் தாண்டும். கட்டில், அலமாரி என்று சொந்தமாகவே செய்பவர்களுக்கு, 13 மி.மீ. பிட் பிடிக்கும் சக் தேவைப்படுபவர்களுக்கு அது பொருந்தும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வேலை முழுக்கச் சுவரில்தான், அதுவும் வருஷத்துக்கு நாலு முறைதான் என்றால் ஒயர் வைத்த ஹேமர் டிரில்லே லாபம். அதே பலத்துக்கு விலை குறைவு, பேட்டரி கெடும் கவலை இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் தேவை. பேட்டரி மெஷினுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது, ஒயர் இல்லாத சுகத்துக்கும், ஸ்க்ரூவை அளவாக முடுக்கும் நிதானத்துக்கும்.

பேட்டரிதான் பாதி மெஷின்

ஆன்லைனில் ஒரே மாடல் இரண்டு விலையில் தெரியும். குறைந்த விலை பெரும்பாலும் மெஷினுக்கு மட்டும். பேட்டரி, சார்ஜர் தனி. ‘பெட்டியில் என்னென்ன இருக்கும்’ என்ற வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது. இன்று டிரில் வாங்கும்போதே, நாளை வாங்கப்போகும் புளோயருக்கும், மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் சேர்த்து ஒரு கம்பெனியோடு சம்பந்தம் பேசுகிறீர்கள். உங்கள் ஊரில் அவர்களுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, அதே பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ வாங்கி வந்த மெஷின் என்றால் சார்ஜரின் அடியில் உள்ள எழுத்தைப் படிக்காமல் பிளக்கில் சொருக வேண்டாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் அது கருகிவிடும். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் இதற்கு உதவாது.

வீட்டு டிரில்லைக் கெடுப்பது அதிக உபயோகமில்லை, மறதிதான். பேட்டரி காலியான நிலையில் பரணில் ஏறி ஒரு வருஷம் கிடந்தால் மறுபடி சார்ஜ் ஏறாமலே போகலாம். பாதி சார்ஜோடு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடக்கூடாது. உப்பிய பேட்டரியை சார்ஜ் போடவே கூடாது.

விலையை ஏற்றும் ‘பிரஷ்லெஸ்’ மோட்டார் தேவையா? அதில் தேயும் கார்பன் பிரஷ் இல்லை, பேட்டரியும் கொஞ்சம் கூடுதல் நேரம் உழைக்கும். தினமும் ஓட்டுபவருக்கு லாபம். மாதம் ஒருமுறை எடுப்பவர் அந்தப் பணத்தில் நல்ல பிட் வாங்கலாம். நூறு பிட் இலவசம் என்பதைவிட, கார்பைடு முனை வைத்த 6, 8 மி.மீ. சுவர் பிட் இரண்டு, மரத்துக்கும் இரும்புக்கும் சில பிட் என்று தரமாக வைத்திருப்பது மேல்.

கையில் எடுத்த பிறகு

கழுத்தில் உள்ள எண் வளையம் அழகுக்கு இல்லை. ஸ்க்ரூ முடுக்கும்போது சின்ன எண்ணில் தொடங்கி, தேவைக்கு ஏற்ற வேண்டும். அளவு வந்ததும் மெஷின் ‘கடகட’ என்று தானாக விட்டுவிடும். கிச்சன் கதவுக் கீலை முழு வேகத்தில் முடுக்கினால் பலகைக்குள் இருக்கும் மரத்தூள் சிதைந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றும். தேக்கு போன்ற கெட்டி மரத்தில் ஸ்க்ரூவை விடச் சின்ன ஓட்டை போட்டுவிட்டு முடுக்குங்கள்.

டைல்ஸில் ஹேமர் கூடாது. டைல்ஸுக்கான பிட், குறைந்த வேகம், வழுக்காமலிருக்க ஒரு துண்டு டேப். டைல்ஸைத் தாண்டிய பிறகு, சுவருக்குத் தேவைப்பட்டால் மட்டும் சுவர் பிட்டும் ஹேமரும். வெட்ரிஃபைடு டைல்ஸுக்கு வைர முனை பிட் வேண்டும்.

கான்கிரீட்டில் திடீரென்று கொஞ்சமும் இறங்காமல் நின்றால் கம்பியில் முட்டியிருக்கலாம். மல்லுக்கட்டாமல் இடத்தை மாற்றுங்கள். திரைச்சீலை ராடுக்கு இன்னொரு வழியும் உண்டு. லிண்டல் பெரும்பாலும் ஆறு அங்குல உயரம்தான். பிராக்கெட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் பல வீடுகளில் செங்கல் கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுவருக்குள் ஓடும் ஒயர். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் பக்கவாட்டில் ஓட்டை போடாதீர்கள். குளியலறையில் குழாய்க்கும் ஷவருக்கும் இடையே உள்ள சுவரும் அப்படித்தான். பேட்டரி மெஷினில் இங்கே ஒரு வசதி: அந்த அறையின் மெயினை அணைத்துவிட்டும் வேலை செய்யலாம். கண்ணாடி அணியுங்கள், மூக்கை மூடுங்கள். துப்பட்டா, முந்தானை, தொங்கும் செயின், அவிழ்ந்த தலைமுடி எதுவும் சுற்றும் சக்குக்கு அருகே வரக்கூடாது. பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சீலிங் ஃபேன் கொக்கியை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அதன் கீழே குழந்தைகள் தூங்குவார்கள்.

கடையில் கேட்க ஐந்து கேள்விகள்

1. இதில் ஹேமர் மோடு இருக்கிறதா?

2. பேட்டரி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட்-ஹவர்? சார்ஜர் உள்ளேயே இருக்கிறதா?

3. சக் 10 மி.மீ.யா, 13 மி.மீ.யா? கியர் ஒன்றா, இரண்டா? குறைந்த வேகம் ஸ்க்ரூவுக்கு, அதிக வேகம் ஓட்டைக்கு என்பதால் இரண்டு இருப்பது நல்லது.

4. இதே பேட்டரி தனியாக என்ன விலை? வாரன்டி மெஷினுக்கு மட்டுமா, பேட்டரிக்கும் சேர்த்தா?

5. ஒருமுறை கையில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்கலாமா? வீட்டில் இதை அதிகம் பயன்படுத்தப் போகிறவர் யாரோ, அவரையே கடைக்கு அழைத்துப் போய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.