மறைத்து வைத்த மரணக் கணக்கு

பிறந்து சில நாட்களேயான சிசுவின் மார்பைத் திறந்து இருதயத்தைத் திருத்தும் வைத்தியர்களை நாம் போற்றுகிறோம். ஆனால் அவர்கள் கையில் மாண்ட குழந்தைகள் எத்தனை என்று பெற்றோர் கேட்கலாகாது என்பாரை எதிர்க்கிறோம். இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் நடந்ததை அறிந்தோர் அவ்வாறு பேசார்.

சில சிசுக்களுக்குப் பெருநாடியும் சுவாசப்பை நாடியும் இடம் மாறி அமைந்துவிடுகின்றன. சுவாசப்பையிற் சுத்தமான இரத்தம் உடலுக்குச் செல்லாது மீண்டும் சுவாசப்பைக்கே திரும்புகின்றது. பிள்ளை நீலம் பாரிக்கின்றது. இரு நாடிகளையும் வெட்டி, மாற்றிப் பொருத்தவேண்டும். இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் நூல்போன்ற சிறு நாடிகளையும் பெயர்த்து ஒட்டவேண்டும். 1975இல் பிரேசில் நாட்டு அடிப் ஜட்டேனே இதை முதன்முதல் வெற்றியாகச் செய்து காட்டினார். தேர்ந்த நிலையங்களில் இன்று 100க்கு 95க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றன. அத்தேர்ச்சி இடையறாப் பழக்கத்தால் வருவது.

பிறிஸ்டலில் அப்பழக்கம் போதவில்லை. போதாதென ஒப்பும் நேர்மையும் இருக்கவில்லை. 1988இல் அங்கு வந்த மயக்கமருந்து வைத்தியர் ஸ்டீவன் பொல்சின், சாவுகள் மிகுவதைக் கண்டு 1990இல் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் செவிசாய்க்கவில்லை. 1995 ஜனவரியில் இதே சத்திரசிகிச்சைக்கு ஒரு குழந்தை வந்தது. முதல் நாள் மாலை வைத்தியர்கள் கூடினர். பொல்சின் வேண்டாமென்றார், செய்வதென்றே முடிவாயிற்று. குழந்தை மேசைமீதே இறந்தது.

2001இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்வதென்ன? 1991 முதல் 1995 வரை, அங்கு திறந்த இருதய சத்திரசிகிச்சை பெற்ற ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள், எதிர்பார்க்கத்தக்க தொகையிலும் 30 முதல் 35 வரை மேலதிகமாக மாண்டன! இது கெட்ட மனிதரின் கதையன்று என்றும் அவ்வறிக்கை கூறிற்று. நமக்கு அச்சம் தருவதே அதுதான்.

கணக்கை வெளியிட்டால் கடினமான நோயாளரை எந்த வைத்தியரும் ஏற்கமாட்டார் என்பர் சிலர். நோயின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிட முடியாதா? பிரித்தானியாவில் இன்று அவ்வாறே கணக்கிட்டு, வைத்தியசாலை வாரியாக வெளியிடுகின்றனர். சத்திரசிகிச்சை நின்றுவிட்டதா? விதைநெல் வாங்கும் கமக்காரன்கூட நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்று கேட்கிறான். பெற்ற பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்கும் தாய் வாய்மூடி நிற்கவேண்டுமாம்!

உண்மை சொன்ன பொல்சினோ, இங்கிலாந்தை விட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனார்.