வாசலில் நின்ற அடிக்கட்டை

சென்ற மாதக் கூட்டத்தில் அன்பர் ஒருவர், தம் வீட்டின் முன் நிற்கும் மரத்தின் அடிக்கட்டையை அகற்றச் சங்கிலி ரம்பம் போதுமா, அல்லது கட்டையை அரைத்தெடுக்கும் யந்திரத்தை வாடகைக்கு அமர்த்த வேண்டுமா என்று வினவினார். என் வீட்டில் நடந்ததைக் கூறினால் அதுவே விடையாகும் என்று கருதி, இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி வங்கக் கரையைத் தாக்கிய ஆம்பன் புயலைக் கல்கத்தாவில் வாழும் நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கிளை பரந்து, வேர் ஆழமின்றி நிற்கும் குல்மோஹர் மரங்கள் அன்று ஏராளமாகச் சாய்ந்தன. இவ்வூரார் கிருஷ்ணசூடா என்று அழைக்கும் அம்மரம் ஒன்று எங்கள் ரயில்வே குடியிருப்பின் வாசலிலும் முறிந்தது. வீழ்ந்த பாகத்தை அறுத்துச் சென்றவர்கள் முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுச் சென்றனர். நானும் விட்டுவிட்டேன். "மாற்றல் உத்தரவு வந்தால் போகப் போகிறோம், நமக்கேன்?" என்ற எண்ணந்தான். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோரின் மனத்தில் இவ்வெண்ணம் எளிதில் குடியேறி விடுகிறது.

சென்ற ஆண்டு திருக்கார்த்திகை மாலையில், வாசலில் அகல் வைக்கச் சென்ற என் தாயார் அக்கட்டையின் வேர் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன் பின்னரே எனக்குப் புத்தி வந்தது.

உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, சங்கிலி ரம்பம் வைத்திருந்த தொழிலாளி ஒருவரை அழைத்தேன். நிலத்துக்கு மேல் நின்ற பகுதியைக் கால் மணி நேரத்தில் அவர் அறுத்துத் தள்ளினார். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அரைக்கும் யந்திரத்தின் வாடகையை மிச்சப்படுத்தும் ஆசையால், "மண்ணுக்குக் கீழேயும் சற்று அறுத்துவிடுங்கள், தாதா" என்றேன். அவர் தயங்கினார்; நான் வற்புறுத்தினேன். சங்கிலி மண்ணில் இறங்கியதும் புதைந்து கிடந்த செங்கல் ஒன்றில் அதன் நுனி மோதியது. தீப்பொறி பறந்தது, ரம்பம் மேல்நோக்கித் துள்ளியது. அவருடைய முழங்காலுக்கும் அதற்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். காலில் ரப்பர்ச் செருப்பைத் தவிர வேறு காப்பு எதுவும் அவருக்கு இல்லை. இருவரும் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். கூலியைக் கணக்கிட்ட நான் அவருடைய காலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சங்கிலி ரம்பம் மரத்தை அறுப்பதற்காக அமைந்தது. மண்ணை அறுப்பதற்காக அன்று. மணலும் கல்லும் பட்டால் அதன் பற்கள் சில நொடிகளிலேயே மழுங்கிவிடும். நுனியின் மேற்பாகம் எதிலேனும் மோதினால் ரம்பம் அறுப்பவரை நோக்கியே துள்ளும். ஆகவே, கட்டையைச் சுற்றியுள்ள மண்ணையும் கல்லையும் முதலில் அகற்றி, தரைமட்டத்துக்குச் சற்று மேலே அறுத்து நிறுத்துவதே முறை. அதன் பின்னரும் வேர் உயிரோடு இருக்கும். குல்மோஹர், வேம்பு, யூகலிப்டஸ் போன்றவை மீண்டும் துளிர்க்கும்; துளிர்களை அவ்வப்போது கிள்ளி வர வேண்டும். தென்னைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அரைக்கும் யந்திரத்தின் வேலை வேறு. கடினமான கார்பைடு பற்கள் பதித்த சக்கரம் ஒன்று சுழன்று, பக்கவாட்டில் அசைந்து, கட்டையைச் சிராய்களாக்கிக்கொண்டே கீழே இறங்கும். தரைக்குக் கீழே 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை அரைத்துவிடும். பக்க வேர்கள் எஞ்சினாலும், மண்ணுக்குள்ளேயே நாளடைவில் மக்கிவிடும். ஆனால் அச்சக்கரம் கல்லைத் தொலைவுக்கு வீசும். குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். யந்திரம் உங்கள் வாசல் வழியே நுழையுமா என்றும் முன்னரே அளந்து பார்க்க வேண்டும்.

யாவற்றிலும் முக்கியமானது, நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்று அறிவது. எங்கள் வாசலில் குடிநீர்க் குழாய் எங்கே செல்கிறது என்பதைப் பழைய ஊழியர் ஒருவர் வந்து காட்டினார். கட்டையிலிருந்து இரண்டு முழத் தொலைவுதான்! மின்சாரக் கேபிளும் அவ்வாறே இருக்கக்கூடும். இருப்புப்பாதை அருகில் வசிப்போர் சிக்னல் கேபிளையும் நினைவில் கொள்ள வேண்டும். அது அறுந்தால் வண்டிகள் நின்றுவிடும்.

குழாயின் பக்கம் செல்லாமல் ஒரு மணி நேரத்துக்குள் அரைத்து முடித்தனர். குழியில் குவிந்த சிராயை அள்ளி எருக்குழியில் இட்டு, நல்ல மண்ணால் நிரப்பினேன். சிராயை அப்படியே மண்ணில் கலந்தால், அது மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும்.

அன்பருக்கு என் விடை இதுதான்: நடைவழியில் இல்லாத கட்டையானால் ரம்பத்தால் அறுத்து, மக்க விட்டுவிடுங்கள். கையகலமே உள்ள சிறு கட்டைக்குக் கடப்பாரையும் கோடரியும் போதும். தீ மட்டும் வைக்க வேண்டாம். மனிதர் நடமாடும் இடத்தில் பெரிய கட்டை நின்றால், செலவைப் பாராமல் அரைத்துவிடுங்கள். ரம்பத்தை அரைக்கும் வேலைக்கு ஏவாதீர்கள். வேலை செய்பவருக்குக் கனத்த காலணியும், கைகளுக்கும் கண்களுக்கும் காதுகளுக்கும் காப்பும் உண்டா என்று கேட்ட பிறகே கூலி பேசுங்கள்.

தாயாரின் கை குணமாகிவிட்டது. கட்டை இருந்த இடத்தில் அவர் நந்தியாவட்டைச் செடி ஒன்றை வைத்திருக்கிறார். மாற்றல் வந்து நாங்கள் போனபின், அந்த வாசலில் யாரோ ஒருவர் தடுக்கி விழாமல் நடப்பார்; பூவும் பறிப்பார்.