பழைய பெட்டியும் கிழிந்த வலையும்



வேதத்தை வாசித்துக் காட்டும் சிறு ஒலிப்பெட்டிகள் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள நம் வீடுகளில் மூப்படைந்து கிடக்கின்றன. "கைப்பேசி இருக்கையில் இதற்கு ஏன் செலவு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உலகமும் அவ்வாறே தீர்த்தது. 2001இல் வந்த ஐபாடை 2022இல் அதைச் செய்த ஆப்பிள் நிறுவனமே நிறுத்திவிட்டது.

ஆயினும் கைப்பேசி பிள்ளைகளோடு வெளியே போய்விடும். எழுத்தறியாத தாய் அதில் வேதத்தைத் தேடி எடுப்பதும் கடினம். பெட்டிக்கோ ஒரு பொத்தான் போதும். விசுவாசம் கேட்பதினால் பிறக்கிறதென்று பவுல் ரோமருக்கு எழுதினாரே. அந்தத் தாய் கேட்கும் வழியை நாம் அடைக்கலாமா?

லித்தியம் பேட்டரி ஆண்டுகள் செல்லச்செல்லத் தளரும். உப்புக்காற்றில் இணைப்புமுனைகள் அரிக்கும். இவை பெரும்பாலும் மாற்றத்தக்கவையே. கர்த்தர் அழைத்த வேளையில் யாக்கோபும் யோவானும் தகப்பனோடு படகில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டார்கள் அல்லவா? ஒரு கண்ணி அறுந்ததற்காக வலையையே எறிந்துவிடுகிறவர் நம்மில் யார்?

செப்பனிட முடியாத நாளில் புதியதை வாங்குவோம். இவ்வாரமோ, உங்கள் வீட்டு மூத்தோரின் பெட்டி பேசுகிறதா என்று பாருங்கள். பேசாவிட்டால் பேட்டரியை மாற்றிக் கொடுங்கள். பழையதை நமக்கு உணவளிக்கும் ஏரியில் எறியாதேயுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.